ஊசி பழகிய கை களிமண்ணில்: கேமரன் மலைத் தோட்டங்களுக்கு ஒரு பொதுச்சுவர்

பழந்துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கும் கலையும், ஈரக் களிமண் தகட்டைச் செதுக்கிச் சூளையில் சுட்டுச் சுவரில் பதிக்கும் டைல் கலையும் பொருளாலும் கருவியாலும் வெவ்வேறானவை என்றாலும், ஓர் ஊரார் சேர்ந்து உருவாக்கும் பொதுக்கலைப் பணிகளில் இவ்விரண்டும் அடிக்கடி சந்தித்துக்கொள்கின்றன; பலர் தனித்தனியே செய்த சிறு சதுரங்கள் ஒன்றுசேர்ந்தே முழுப் படைப்பு உருவாகிறது என்பது இரண்டுக்கும் பொதுவான இயல்பு. துணி வேலையில் தேர்ந்த ஒருவர் களிமண்ணுக்கு மாறும்போது எதை உடன் கொண்டுபோகிறார், எதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது என்பவற்றை விளக்குவதும், மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தகைய ஒரு சுவர் ஏன் வேண்டும் என்று எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் கண்டறிந்து குறித்ததால் அவர் பெயரைப் பெற்ற இம்மலைப்பகுதி, அதன்பின் நாற்பது ஆண்டுகள் பெரும்பாலும் காடாகவே கிடந்து, 1920-களின் பிற்பகுதியிலும் 1930-களிலும்தான் தாப்பாவிலிருந்து மேலேறும் சாலையும் தேயிலைத் தோட்டங்களும் குடியிருப்புகளும் அமையப்பெற்றது. ஜே. ஏ. ரசல் 1929-இல் தொடங்கிய போ தோட்டமும், 1933-இல் தொடங்கப்பட்ட பாரத் தோட்டமும் இன்றளவும் அங்கே தேயிலை விளைவிக்கின்றன. செங்குத்தான சரிவுகளில் காட்டை வெட்டி, பாத்தி பிடித்து, கன்று நட்டு வளர்த்த உழைப்பில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்களின் பங்கு பெரிது. பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மலையேறிய பெண்களின் கைகள்தாம் இந்த நிலப்பரப்பின் பச்சைத் தளங்களை உருவாக்கின என்றாலும், அந்தக் கைகள் வேலை முடிந்து வீடு திரும்பியபின் என்ன தைத்தன, என்ன பின்னின, வாசலில் என்ன கோலம் போட்டன என்பதைப் பற்றிய பதிவு மிகக் குறைவு. துணியோடு தொடர்புடையவராக இம்மலையின் வரலாற்றில் உலகம் நினைவில் வைத்திருக்கும் ஒரே பெயர், 1967 மார்ச் 26 அன்று இங்கே விடுமுறைக்கு வந்த இடத்தில் காணாமற்போன தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சனுடையது. ஒரு விருந்தாளியைத் தேடி எழுதப்பட்ட பக்கங்களில் ஒரு சிறு பகுதியேனும் தோட்டத்துப் பெண்களின் கைவேலைக்கு ஒதுக்கப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

ஆங்கிலேயர் குவில்ட் என்றழைக்கும் போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. மேலடுக்கு பல துண்டுகளை இணைத்த முகப்பு. நடுவடுக்கு பஞ்சு அல்லது பழந்துணி. கீழடுக்கு ஒற்றைத் துணி. இந்த மூன்றையும் நழுவாமல் பிடித்து வைப்பதற்காக முகப்பின் மீது நெருக்கமாக ஓடுதையல் போடப்படுகிறது. ஊசி மேலும் கீழுமாகச் சென்று சிறு புள்ளிக்கோடாக ஓடுவதே ஓடுதையல். ஆக, இக்கலையில் இரண்டு தனித்தனித் திறன்கள் அடங்கியுள்ளன: துண்டுகளை வெட்டி இணைப்பது ஒன்று, இணைத்தவற்றின் மேல் தையற்கோடு ஓட்டுவது மற்றொன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் களிமண்ணுக்கு மாறும்போது நிகழ்வது விளங்கும்.

இவ்வேலை மேலைநாட்டுக்கே உரியதன்று. பழைய நூற்சேலைகளை மடித்து அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாக இடும் வழக்கம் தமிழ் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. வங்காளத்துக் காந்தாவும் கன்னட நாட்டுக் கவுதியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி, நடுவிலிருந்து தொடங்காமல் ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே போய் மையத்தில் முடிகிறது. நான்கு மூலைகளிலும் மடித்து வைத்த முக்கோணத் துணிப்பூக்கள் இல்லாவிட்டால் அப்போர்வை முழுமை பெற்றதாக அவர்கள் கருதுவதில்லை. மலாய் மக்களிடம் தம்பால் செரிபு என்னும் துண்டுத்துணி வேலை உண்டு. தமிழ்நாட்டிலோ, தேரிலும் மண்டபத்திலும் உருளை வடிவில் தொங்கவிடப்படும் தொம்பைகளில், சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமான துணிகளை யாளியாகவும் பூவாகவும் வெட்டி அடித்துணியின்மேல் வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலையைத் தஞ்சைப் பகுதிக் கைவினைஞர்கள் இன்றும் செய்துவருகின்றனர். எனவே துண்டுகளைக் கொண்டு முழுமையை உருவாக்கும் பழக்கத்தைத் தமிழ்ப் பெண்கள் எவரிடமிருந்தும் கடன் வாங்க வேண்டியதில்லை.

துணியிலிருந்து கடினமான பொருளுக்கு மாறிய கலைஞர்களில் உலகறிந்தவர் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் 1930-இல் பிறந்து 2024-இல் மறைந்த ஃபெய்த் ரிங்கோல்ட். ஓவியராகத் தொடங்கிய அவர், உடை வடிவமைப்பாளராக இருந்த தம் தாயுடன் சேர்ந்து 1980-இல் தம்முடைய முதல் குவில்ட்டைச் செய்தார். பின்னர் ஓவியமும் எழுத்தும் துணித்துண்டும் சேர்ந்த கதைப் போர்வைகளால் பெயர் பெற்றார். 1996-இல் ஹார்லத்தின் 125-ஆம் தெருச் சுரங்க ரயில் நிலையத்துக்காக அவர் வடிவமைத்த இரண்டு பெரிய மொசைக் சுவர்களில், அப்பகுதியின் பாடகர்களும் எழுத்தாளர்களும் விளையாட்டு வீரர்களும் தம் ஊரின் கட்டடங்களுக்கு மேலே பறந்து செல்கின்றனர். மொசைக் என்பது சிறு கண்ணாடி அல்லது டைல் துண்டுகளை அருகருகே ஒட்டி உருவம் காட்டும் முறையாதலால், அது துணித்துண்டுகளை இணைக்கும் வேலைக்கு மிக நெருக்கமானது. மலேசியத் தமிழர்கள் இதற்காக நியூயார்க் வரை போக வேண்டியதும் இல்லை. ஜொகூர் பாருவிலுள்ள அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கோவில், ஏறத்தாழ 3,00,000 வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பெற்று 2009-இல் கண்ணாடிக் கோவிலாகப் புதுப்பிக்கப்பட்டுள்ளது; அதன் சுவரையும் தூணையும் விதானத்தையும் அருகிருந்து பார்ப்பவருக்கு, தைத்த போர்வை ஒன்று கட்டடமாக எழுந்து நிற்பதுபோன்ற எண்ணம் தோன்றாமற் போகாது.

டைல் செதுக்கல் இவற்றிலிருந்து வேறுபட்டது. இங்கே துண்டுகளை ஒட்டுவதில்லை. ஒரே களிமண் தகட்டில் தேவையற்ற பகுதியைச் சுரண்டி எடுத்து, தேவையான உருவத்தை மேடாக நிற்க விடுகிறார்கள். கோவில் தூண்களில் காணப்படும் புடைப்புச் சிற்பத்தின் எளிய வடிவம் என இதைக் கொள்ளலாம். துணி வேலையில் தேர்ந்தவர் முதன்முறை இதில் இறங்கும்போது பெரும்பாலும் நிறத்தைத்தான் தேடுகிறார்: இந்தச் சதுரம் சிவப்பு, அந்தச் சதுரம் வெள்ளை என்று பிரித்துப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்கும் ஈரத்தகடு ஊமையாகத் தெரிகிறது. போர்வையில் இரு நிறங்கள் சந்திக்கும் இடம் தானாகவே எல்லைக்கோடாகிவிடும்; களிமண்ணில் அந்த எல்லையை நிழல்தான் வரைய வேண்டும், நிழலுக்கோ ஆழம் வேண்டும். துண்டு இணைப்பில் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அத்திறன் இங்கே அரைப்பங்குதான் உதவும்.

கைகொடுப்பது இரண்டாவது திறன். மூன்றடுக்குப் போர்வையில் ஓடுதையல் சென்ற இடமெல்லாம் அமுங்கி, தையலுக்கு நடுவே பஞ்சு உப்பி நிற்கிறது. ஒரே நிறத் துணியிலும் இப்படித் தையலை மட்டும் கொண்டே கொடியும் இலையும் காட்டிவிட முடியும். அது உண்மையில் துணியில் செய்யப்பட்ட புடைப்புச் சிற்பமே. எந்தக் கோட்டை அமுக்கினால் எது மேலெழும், கோடுகளை நெருக்கினால் தளம் எப்படித் தாழும், அகலமாக விட்டால் எப்படி உப்பும் என்பதெல்லாம் போர்வை தைத்தவரின் விரலுக்குத் தெரியும். அவர் ஊசியின் இடத்தில் செதுக்குக் கம்பியைப் பிடித்து, தையற்கோட்டின் இடத்தில் பள்ளக்கோட்டை இழுத்தாலே போதும். டைல் செதுக்கப் பயிற்சியளிப்போர் இதை முதலிலேயே எடுத்துச் சொன்னால், துணி வேலை செய்யும் பெண்களின் தயக்கத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

செய்முறையைச் சற்று அருகிருந்து காண்பது நல்லது. களிமண்ணைக் காற்றுக்குமிழி போகப் பிசைந்து, இரண்டு சம உயரச் சட்டங்களுக்கு நடுவே வைத்து, சட்டங்களின் மேல் உருளையை ஓட்டித் தேய்த்தால் எங்கும் ஒரே கனமுள்ள தகடு கிடைக்கும். சுவர் டைலுக்கு 12 மில்லிமீட்டர் கனம் ஏற்றது. உடனே செதுக்கக்கூடாது. ஈரமண்ணில் கம்பி வைத்தால் ஓரம் இழுபட்டுப் பிசிறும்; முற்றக் காய்ந்தபின் வைத்தாலோ சில்லு சில்லாக உடையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைத் தோல் பதம் என்பர்: விரலால் அழுத்தினால் பள்ளம் விழாது, நகத்தால் கீறினால் மெழுகைக் கீறியதுபோலச் சுத்தமான கோடு விழும், தகட்டைத் தூக்கினால் வளையாமல் நிற்கும். அந்தப் பதத்தில் மெல்லிய தாளில் வரைந்த வடிவத்தைத் தகட்டின்மேல் விரித்து, மழுங்கிய பென்சிலால் கோட்டின்மேல் மீண்டும் வரைந்தால் மண்ணில் தடம் பதியும். பின்னர் வளையக் கம்பியால் பின்புலத்தை 3 அல்லது 4 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டித் தாழ்த்துகிறார்கள். விளிம்பை நேர்க்குத்தாகவோ வெளிப்புறம் சற்றே சரிந்ததாகவோ விட வேண்டும். உள்நோக்கிக் குடைந்துவிட்டால் மெலிந்த ஓரம் பின்னர் உடைந்துபோகும். தகட்டின் முதுகில் குறுக்கும் நெடுக்குமாகக் காடி போட்டுவைத்தால் சிமெண்ட் நன்றாகப் பிடிக்கும்.

தையற்காரருக்கு உடனே பிடிபடும் கணக்கு ஒன்று இதில் உண்டு. துணி வெட்டும்போது தையலுக்காகச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுவது அவருக்குப் பழக்கம். களிமண்ணோ காயும்போதும் சுடும்போதும் சுருங்குகிறது; மண்ணின் வகையைப் பொறுத்து மொத்தச் சுருக்கம் நூற்றுக்குப் பத்து அல்லது அதற்கு மேலும் ஆகலாம். பத்து விழுக்காடு சுருங்கும் மண்ணில் 15 சென்டிமீட்டர் டைல் வேண்டுமென்றால் ஈரத்தில் 16.7 சென்டிமீட்டர் வெட்ட வேண்டும். பலர் செய்யும் பணியில் ஒவ்வொருவரும் வெவ்வேறு மண்ணைப் பயன்படுத்தினால் சுவரில் சதுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகும் என்பதால், ஒரே மண், ஒரே கனம், ஒரே அச்சு என்பது மீறக்கூடாத விதி. டைல்களுக்கு இடையே சிமெண்ட் நிரப்புவதற்கு விடும் சிறு இடைவெளி, அளவில் நேரும் சிறு பிசகுகளை ஏற்றுக்கொள்ளும். பெரிய பிசகை ஏற்றுக்கொள்ளாது.

பழக்கமில்லாதவருக்குக் கடினமாக இருப்பது வேறொன்று. தையலில் தவறு நேர்ந்தால் நூலைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். சுரண்டி எடுத்த மண்ணைத் திரும்ப ஒட்டினால், அது காயும்போது பெரும்பாலும் விரிசல் கண்டு பெயர்ந்துவிடும். ஆகவே முதலில் மேலோட்டமாக எடுத்து, தள்ளி நின்று பார்த்து, பின்னர் ஆழப்படுத்தும் பொறுமை வேண்டும். கெட்டுப்போன தகட்டை வருத்தமில்லாமல் நீரில் ஊறப்போட்டு மறுபடி பிசையும் மனமும் வேண்டும். சுடாத மண்ணில் எதுவும் வீணாவதில்லை என்பது இக்கலையின் பெரிய ஆறுதல்.

கேமரன் மலையில் இந்த வேலையின் பாதிச் சிக்கல் வானிலையிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து, பிற்பகல்களில் பனிமூட்டம் இறங்கும் அந்த உயரத்தில், செதுக்கிய தகடு முழுமையாகக் காய வாரக்கணக்கில் ஆகும். ஓரங்கள் முதலில் காய்ந்து சுருங்கி, நடு ஈரமாகவே இருந்தால் தகடு தட்டுப்போல வளைந்துவிடும். எனவே ஓரங்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, இரு பலகைகளுக்கிடையே வைத்து, அவ்வப்போது திருப்பிப்போட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். உள்ளே ஈரம் தங்கிய தகட்டைச் சூளையில் வைத்தால், 100 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது நீர் ஆவியாகி விரிந்து தகட்டையே வெடிக்கச் செய்யும்; பக்கத்திலுள்ள பிறருடைய டைல்களையும் அது சேதப்படுத்தும். வெப்பம் 573 டிகிரியை நெருங்கும்போது மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகங்கள் திடீரென்று அளவு மாறுவதால், அந்தக் கட்டத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் நிதானமாகக் கடக்க வேண்டும். சுமார் 1,000 டிகிரியில் முதற்சூடு முடிந்தபின் கிளேஸ் என்னும் கண்ணாடி மெருகைப் பூசி மீண்டும் சுடுகிறார்கள்.

செம்மண் பானையின் வெப்பத்தில் சுட்ட டைல் நீரை உறிஞ்சும். அத்தகைய டைல் கேமரன் மலையின் வெளிச்சுவரில் விரைவிலேயே பாசி பிடித்துப் பச்சையாகிவிடும், சிமெண்டிலிருந்து கசியும் உப்பும் வெளுத்துப் பூக்கும். 1,200 டிகிரிக்கு மேல் சுடப்பட்டு இறுகிக் கல்லாகிவிடும் ஸ்டோன்வேர் மண்ணே அங்கே ஏற்றது. மெருகைத் தேர்வதிலும் இடம் பார்க்க வேண்டியிருக்கிறது. வெயில் சாய்ந்து விழும் ஊரில் 3 மில்லிமீட்டர் பள்ளம்கூட நல்ல நிழல் தரும். மூடுபனி ஒளியை எல்லாத் திசைக்கும் சிதறடித்துவிடுவதால் மலையில் அதே பள்ளம் கண்ணுக்குப் புலப்படாமல் தட்டையாகிவிடும். இதற்கு வழி, ஊடுருவித் தெரியும் பச்சை அல்லது தேன்நிற மெருகைப் பூசுவது: உருகும் மெருகு மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கி அங்கே அடர்ந்த நிறமாக நிற்பதால், வெயில் தராத நிழலை அதுவே தந்துவிடும். வேலையிடத்தில் காய்ந்த மண்ணைத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். களிமண் தூசியிலுள்ள சிலிகா நுரையீரலுக்குக் கேடு.

சூளைக்காகவும் மண்ணுக்காகவும் நெடுந்தூரம் தேட வேண்டியதில்லை. மலையடிவாரத்துப் பேராக் மாநிலத்தில் கோலகங்சாருக்கு அருகேயுள்ள சாயோங் கிராமம், நெல் உமியில் இட்டுக் கருமையாக்கும் லாபு நீர்க்குடங்களுக்குப் பெயர் பெற்றது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பொங்கல் பானை செய்யும் தமிழ்க் குயவர் குடும்பங்கள் உள்ளன. அவர்களின் சூளை வெப்பம் ஸ்டோன்வேருக்குப் போதாவிட்டாலும் மண்ணைப் பற்றிய அவர்களின் அறிவு எந்தப் பயிற்சி நூலிலும் கிடைக்காதது. தமிழ் பேசும் புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, ஸ்டோன்வேர் வேலையைப் பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்பித்துள்ளது. செட்டிநாட்டின் ஆத்தங்குடித் தரைக்கல்லை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது: கண்ணாடித் தகட்டின்மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து எடுக்கும் அக்கல் சூளையையே காண்பதில்லை. ஆனாலும் மலாயாவிலும் பர்மாவிலும் இலங்கையிலும் வணிகம் செய்து செட்டிநாட்டார் ஈட்டிய பொருளால் எழுந்த வீடுகளின் தரைகளில் அது பரவியது என்பதும், அந்தப் பூவடிவங்கள் துண்டுத்துணிப் போர்வையின் கட்டங்களோடு நெருங்கிய உறவுடையவை என்பதும், வடிவம் தேடும் தோட்டத்துப் பெண்கள் அறிந்திருக்க வேண்டியவை.

எதைச் செதுக்குவது என்னும் கேள்வியில்தான் பொதுக்கலைப் பணிகள் பெரும்பாலும் தடுமாறுகின்றன. தேயிலைத் தோட்டம் என்றவுடன் முதுகில் கூடையும் விரலிடுக்கில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகச் சிரிக்கும் பெண்ணின் படம் எவருக்கும் முதலில் தோன்றும். அது சுற்றுலா அட்டைக்கு உரியது. கேமரன் மலையில் இன்று கொழுந்தைப் பெரும்பாலும் பை பொருத்திய கத்தரியாலும், இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு நடக்கும் இயந்திரத்தாலும்தான் எடுக்கிறார்கள். எடுப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். சுவர் உண்மையாக இருக்க வேண்டுமென்றால் கத்தரியும் இயந்திரமும் அதில் இடம்பெற வேண்டும். பெரட்டுக் களமும் ஆயாக் கொட்டகையும் லயம் எனப்படும் வரிசைவீட்டு வாசலின் புள்ளிக்கோலமும் இடம்பெற வேண்டும். பிரிஞ்சாங் ஊரின் ஸ்ரீ தெண்டாயுதபாணி சுவாமி ஆலயத் திருவிழாவும், பக்கத்துச் சரிவில் சீனர் வளர்க்கும் காய்கறிப் பாத்திகளும், இம்மலைக்கு அனைவருக்கும் முன்பே உரியவர்களான செமாய் பூர்வக்குடியினரின் மூங்கில் வேலைப்பாடுகளும் இடம்பெற வேண்டும். வங்காளதேசத் தொழிலாளியின் தாய் தைத்த காந்தாவின் தையற்கோடு தமிழ்ப் பாட்டியின் சிக்குக்கோலத்துக்கு அருகில் ஒரு சதுரமாக அமர்வது, இன்றைய தோட்டத்தை அப்படியே காட்டும்.

சேர்ந்து செய்யும் படைப்புகளின் வரலாற்றிலிருந்து பயன்படும் பாடங்கள் இரண்டு. எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் நினைவாக 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் விரிக்கப்பட்ட பெரும் குவில்ட்டில் 1,920 பகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் இறந்தவரின் உறவினரோ நண்பரோ தம் விருப்பம்போல் தைத்திருந்தபோதிலும், ஒவ்வொன்றின் அளவும் 3 அடிக்கு 6 அடி என்று முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது. அளவில் கண்டிப்பும் வடிவத்தில் விடுதலையும் சேர்ந்தே அப்படைப்பை வளரவிட்டன. மற்றொன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பருத்தித் தோட்ட அடிமைகளாக இருந்தோரின் வழிவந்தவர்கள் வாழும் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரைப் பற்றியது. வயலில் உடுத்திக் கிழிந்த ஆடைகளைக் கொண்டு அவ்வூர்ப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002 முதல் பெரிய அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டு, 2006-இல் அஞ்சல்தலைகளிலும் அச்சாயின. ஆனால் அவற்றிலிருந்து வந்த வருமானத்தில் தமக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று சில பெண்கள் 2007-இல் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது, வழக்குகள் பின்னர் சமரசத்தில் முடிந்தன. தோட்டத்துப் பெண்களின் கைவேலையைக் கொண்டு எழும் எந்தச் சுவரிலும் செய்தவரின் பெயர் டைலின் முகப்பிலேயே பொறிக்கப்பட வேண்டும் என்பதும், அந்த வடிவங்களைப் பின்னர் யாரேனும் பையிலும் கோப்பையிலும் அச்சிட்டு விற்றால் யாருக்கு எவ்வளவு என்பது முன்னதாகவே எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதனால் பெறப்படும்.

சுவர் எங்கே நிற்கும் என்பது அதைவிட நுட்பமான பிரச்சினை. மலேசியத் தோட்டங்களில் தொழிலாளர் வீடுகள் பெரும்பாலும் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. வேலையை விட்டோர் வீட்டையும் விட வேண்டியிருப்பதால், அரை நூற்றாண்டு ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கும் அந்தச் சுவரின்மேல் உரிமை இல்லை. மண் சரியும் அபாயமுள்ள மலைச்சாலையோரத் தடுப்புச் சுவர்களும் ஏற்றவையல்ல. ஆகவே டைல்களைக் கட்டடச் சுவரிலேயே பூசிவிடாமல், ஒரு மீட்டர் அளவுள்ள சிமெண்ட் பலகைகளில் பதித்து, துருப்பிடிக்காத திருகாணிகளால் சுவரில் பொருத்துவதே அறிவுடைமை. இடம் மாறினாலும் பலகைகளைக் கழற்றி எடுத்துச் செல்லலாம். சுவர் சாய்ந்தாலும் படைப்பு பிழைக்கும். மலையூர்களான தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகளின் தாழ்வாரங்கள் மழைச்சாரல் குறைவாகவும் பிள்ளைகளின் கண்ணெதிரேயும் இருப்பதால் முதலில் எண்ணிப்பார்க்கத் தக்கவை.

இப்பணிக்குப் பெருந்தொகை தொடக்கத்திலேயே வேண்டியதில்லை, வேண்டுவது காலந்தாழ்த்தாமை. சேலைத் துண்டுகளைத் தைக்கவும் வாசலை நிறைத்துக் கோலமிடவும் தெரிந்த மூத்த பெண்கள் தோட்டங்களில் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோவில் நிர்வாகங்களும் சூளை வாங்குவதற்கு முன்பே அவர்களின் வீடுகளுக்குச் சென்று, பழைய போர்வைகளையும் கோல நோட்டுகளையும் பார்த்து, அனுமதி பெற்றுப் படமெடுத்து, பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் பதிந்து வைக்க வேண்டும். பின்னர் ஒரே மண்ணில் பத்துப் பன்னிரண்டு சோதனை டைல்களைச் செய்து, வேறோர் ஊர்ச் சூளையில் கொடுத்துச் சுட்டுப் பார்க்கலாம். தோட்ட நிர்வாகங்கள் இதற்கு வாரத்தில் ஒரு பிற்பகலையும் ஓர் ஒழிந்த கொட்டகையையும் தரலாம். கேமரன் மலையிலிருந்து நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்ட குடும்பங்களிடம் தாயோ பாட்டியோ தைத்த துணி ஏதேனும் இருந்தால், அதைக் கிழித்துத் துடைக்கப் போடாமல் பாதுகாத்து, அதன் படத்தை மலையில் உள்ள பள்ளிக்கு அனுப்பிவைக்க வேண்டும்.